பச்சை வாஷ்பேசின் மேல ஒரு துண்டு

...உள்ளதை உள்ளபடி காட்டறதுன்னா சும்மாவா? நம்மள்ல பாதிப் பேருக்கு அது வராது. ஒரு வீட்டுக் கதை சொல்றேன், சின்னதுதான். கடைசி பெஞ்ச்ல சாஞ்சுட்டவங்களும் கேளுங்க. பிரியாணி வாசனை எனக்கும்தான் வருது, பிரசங்கத்தை சீக்கிரம் முடிச்சுடறேன்.

தனசிங்னு ஒருத்தர். ரிட்டையர் ஆனவர். மனைவி பேரு ஞானதிலகம். தனசிங்கோட அப்பா கட்டின வீட்லதான் இருக்காங்க. எப்படிப்பட்ட வீடு? தரையில மொசைக். ஜன்னல்ல மயில் போட்ட கம்பி. சாப்பிடற ரூம் மூலையில பச்சைக் கலர்ல ஒரு வாஷ்பேசின்! என்ன சிரிப்பு? சிரிக்கறவங்க வீட்லயெல்லாம் அது இருக்கு, நான் வந்து கை கழுவியிருக்கேன்.

தனசிங்கோட தம்பிங்க ரெண்டு பேரும் ஒரு நாள் வந்து உக்காந்துட்டாங்க. "அண்ணே, இதை பில்டருக்குக் குடுத்துடலாம். இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டட்டும்." ஞானதிலகத்தம்மாவுக்கு அதுல இஷ்டமே இல்ல. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து அவங்க கைபட்டு நிக்கற வீடு. தம்பிங்களுக்கு அவங்க பங்கைப் பணமாக் குடுத்துட்டா வீடு தங்கும். அதுக்கு பேங்க் கடன் வேணும். பேங்க் என்ன சொல்லுது? "எங்க என்ஜினீயர் வந்து பார்ப்பார். கட்டடம் நல்லா இருக்குன்னு அவர் சொன்னா கடன்." சொல்லலேன்னா?... சொல்லலேன்னா ஜேசிபி வரும்.

தனசிங்குக்கு பயம் வந்துடுச்சு. "இந்தக் காலத்துல யாருடி மொசைக்கை மதிப்பான்? பார்த்த உடனே பழைய வீடுன்னு எழுதிட்டுப் போயிடுவான்!" ஓடினார் கடைக்கு. மரப்பலகை மாதிரியே இருக்கும் பாருங்க, அந்த வினைல் ஷீட்டை வாங்கிட்டு வந்து ஹால் முழுக்க விரிச்சார். சுவத்துல ட்ரில் போட்டு ஓட்டை ஓட்டையாப் போட்டு பிளாஸ்டிக் பேனல் அடிச்சார். அந்தம்மா எவ்வளவோ சொன்னாங்க, "வேணாங்க... நல்லாத்தானே இருக்கு..." கேட்டாரா? கேக்கல. பச்சை வாஷ்பேசினை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. என்ன பண்ணினார் தெரியுமா? மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டார்!

என்ஜினீயர் வந்தார். நிஜாமுதீன்னு பேரு. அதிகம் பேசாத மனுஷன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தார். தரையைப் பார்த்தார்... சுவத்தைப் பார்த்தார்... முகம் சுருங்கிடுச்சு.

"இதெல்லாம் எப்பப் போட்டீங்க?"

தனசிங் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "போன வாரம்தான் சார்! புத்தம் புதுசு!"

"சரி. அடியில என்ன கெட்டுப்போயிருக்கு?"

"...சார்?"

"நான் எத்தனையோ வீடு பார்த்தாச்சுங்க. நான் வர்றதுக்கு முந்தின வாரம் அவசரமா மூடினா, உள்ள சுவர் ஓதம் ஏறி ஈரமா இருக்கும், இல்லே தரை வெடிச்சிருக்கும். நான் என்னன்னு நினைக்கறது?"

வீட்டைக் காப்பாத்தறதா நெனச்சு வீட்டுக்கே வேட்டு வெச்சுட்டார் மனுஷன்!

அப்ப அடுப்படி வாசல்லேருந்து ஒரு குரல்... "இந்த வீட்ல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

ஞானதிலகத்தம்மா! விறுவிறுன்னு வந்தாங்க. புடவையைச் செருகிக்கிட்டு மண்டி போட்டாங்க. ஷீட்டோட மூலையைப் பிடிச்சு... சர்ர்ருன்னு ஒரே இழுப்பு!

உள்ள என்ன இருந்துச்சு? வெள்ளையும் கறுப்புமா மொசைக்... முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. சனிக்கிழமை தவறாம, தண்ணியில ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு அவங்க துடைச்ச தரை அது.

என்ஜினீயரும் குனிஞ்சார். விரல் முட்டியால தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கயும் அடியில காலியா இருக்கற சத்தம் இல்ல. எழுந்து போய் ஜன்னலை ஒரு விரலால தள்ளினார், சத்தமில்லாம மூடிக்கிச்சு. அடுப்படித் தொட்டிக்கு அடியில கையை விட்டார், காய்ஞ்சு கிடந்துச்சு. குளியலறை மேல்கூரை மூலையை அண்ணாந்து பார்த்தார், ஒரு கறை கிடையாது. கடைசியா அந்தத் துண்டைத் தூக்கினார்... பச்சை வாஷ்பேசின்! ஒரு கீறல் இல்ல. மஞ்சக் கறை இல்ல.

"யாருங்க இதையெல்லாம் பார்த்துக்கறது?"

தனசிங் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார், "அவதான் சார். எல்லாம் அவதான்."

என்ஜினீயர் அந்தம்மா பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, இந்தக் கலரை இப்ப யாரும் வாங்க மாட்டாங்க. அது ரசனை. அதுக்காகக் கொஞ்சம் மதிப்பு குறையலாம், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பழசா இருக்கறது வேற, கெட்டுப்போனது வேற. இவ்வளவு நல்லா வெச்சிருக்கற வீட்டை நான் பார்த்ததே இல்ல." அப்புறம் தனசிங்கைப் பார்த்து பேனலைக் காட்டினார். "இந்த வீட்ல நான் பார்த்த ஒரே சேதாரம், போன வாரம் நீங்க போட்ட இந்த ஓட்டைங்கதான் சார்."

கடன் வந்துச்சு. வீடு நிக்குது. போன மாசம் ஜெபத்துக்குப் போய் அந்தத் தரையிலதான் உக்காந்தேன். எழுந்திருக்கவே மனசு வரல.

இதை ஏன் சொல்றேன்? இங்க எத்தனை ஞானதிலகம் உக்காந்திருக்கீங்க! "எனக்கு இங்கிலீஷ் வராது ஐயா... நான் பழைய ஆளு ஐயா..." சொல்றீங்களா இல்லையா? மருமக வீட்டு ஆளுங்க வந்தா பேசாம உள்ள போயிடறீங்க. உங்க பொறுமையையும் ஜெபத்தையும், கொடுத்த வாக்கைக் காப்பாத்தற குணத்தையும் தினம் தினம் துடைச்சு வெச்சிருக்கீங்களே, அது சாதாரண விஷயமா? எனக்கு உங்களைப் பார்த்தா பெருமையா இருக்கு. சத்தியமாச் சொல்றேன், கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு.

நம்மளைப் பார்க்க வர்ற ஆண்டவர் ஃபேஷன் பார்க்க வரல. மூடி வெச்சதைத் தூக்கிப் பார்ப்பார். பார்க்கட்டுமே! உங்களுக்கு என்ன பயம்?

அதனால வீட்டுக்குப் போனதும்... அந்தத் துண்டை எடுத்துடுங்க. எடுப்பீங்களா?