எலிகளுக்குக் கட்டி இல்லை

— இன்னும் ஒரு மடக்கு, அக்கா. பாட்டில்ல பாதி அப்படியே நிக்குது.

— அடியே, நான் என்ன தண்ணித் தொட்டியா? மேல சொட்டுச் சொட்டா கையில ஏறுது, கீழ நீ மடக்கு மடக்கா வாயில ஊத்துற. நடுவுல ஒரு மனுஷி இருக்கேன்டி.

— தண்ணி நிறைய போனாத்தான் மருந்து கிட்னியில தங்காம வெளிய ஓடும். நர்ஸ் சொன்னதை நீயும்தானே கேட்ட?

— அந்தப் பொண்ணு சொன்னா கேக்க இனிமையா இருக்கு. நீ சொன்னா எரிச்சல் வருது. சின்ன வயசுல உன் மூக்கைப் பிடிச்சு மருந்து ஊத்தினேனே, அதுக்கெல்லாம் சேர்த்துவச்சுப் பழி வாங்குறியா?

— ஆமா, வாங்குறேன். குடி.

— இந்தா, குடிச்சாச்சு. உனக்குப் போய் ஒரு காபி வாங்கிக்க. வந்ததுல இருந்து காவக்காரி மாதிரி நிக்கிற.

— வேண்டாம்க்கா. காலையில நீ போட்டதே இன்னும் நாக்குல இருக்கு. சொல்லணும்னு நினைச்சேன், இன்னிக்குத்தான் காபி காபியா இருந்துச்சு.

— அப்ப இவ்வளவு நாளா?

— வாயில வைக்க முடியல. கரியைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி. மருந்து உன் நாக்கைக் கெடுத்துடுச்சு, பாவம், ருசி பார்க்கத் தெரியலன்னு நானும் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினேன்.

— ஒரு வார்த்தை சொல்லலியேடி! ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காம குடிச்ச?

— வச்சா உன் மூஞ்சி வாடிடும். அந்தப் பயம்தான்.

— ம்ம். இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அவசரத்துல கண்டபடி போட்டது. அதுதான் நல்லா இருக்காம். அது போகட்டும், உனக்கு லேப்ல வேலை இல்லையா? எலியெல்லாம் உன்னைத் தேடாது?

— எலிக்கு லீவு. உனக்கு மருந்து ஏத்துற நாள்ல நான் அங்க உக்காந்து என்ன கிழிக்கப் போறேன்?

— அதுங்களுக்கும் இதே மருந்துதானே ஏத்துற?

— இதேதான்.

— ஆனா அதுங்களுக்கு முன்னாடியே இலைச் சாறு கொடுத்துடுற. அதுங்க கிட்னி ஜம்முன்னு இருக்கு. எனக்கு மட்டும் வெறும் தண்ணி, பச்சைத் தண்ணி! கூடப் பிறந்தவளைவிட எலி ஒசத்தியாப் போச்சு உனக்கு.

— ஆரம்பிச்சுட்டியா? எத்தனை தடவைக்கா சொல்றது?

— இன்னொரு தடவை சொல்லு. இந்தப் பை காலியாகுற வரைக்கும் பொழுது போகணும்ல.

— என் எலிகளுக்குக் கட்டி கிடையாது. நல்லா இருக்கிற எலிக்கு இந்த மருந்தைக் குத்துறோம், கிட்னி கெடுது. இலைச் சாறு குடிச்ச எலிக்குக் கெடல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த இலை கிட்னியைக் காப்பாத்துதா, இல்ல மருந்தோட பல்லையே பிடுங்கிடுதான்னு தெரியாது. பல்லு போன மருந்து கிட்னியையும் கடிக்காது, கட்டியையும் கடிக்காது. உன் கட்டியை எது கரைக்கும்?

— அதாவது, கட்டி இருக்கிறவளுக்குத்தான் அது ஆகாது.

— ஆமா தாயே. கட்டி இருக்கிற எலியில பார்த்து முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

— அதுக்குள்ள எனக்குப் பாட்டியாகிற வயசு வந்துடும். சரி சரி, முறைக்காத. நீ சொன்னா நான் எப்பவாவது மீறியிருக்கேனா?

— எப்பவுமே மீறியிருக்க. அன்னிக்கு வேண்டாம் வேண்டாம்னு நான் கத்தினேன், கேட்டியா? கையெழுத்துப் போட்டுட்டு வந்து பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்ட.

— பின்ன? உன் கிட்னி ரெண்டும் பழுதாப்போய்க் கிடக்கு, என்கிட்ட ரெண்டு சும்மா ஓடிட்டிருக்கு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. மிட்டாய்ல ஆரம்பிச்ச பழக்கம்.

— எனக்குத் தூக்கமே வர்றதில்லக்கா. நீ கொடுக்காம இருந்திருந்தா இன்னிக்கு உனக்கு ரெண்டு இருந்திருக்கும். இந்த மருந்துக்கு இப்படி நடுங்க வேண்டியதில்ல. இருக்கிற ஒண்ணும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?

— கொடுக்காம இருந்திருந்தா எனக்கு ரெண்டு கிட்னி இருந்திருக்கும், தங்கச்சி இருந்திருக்க மாட்டா. கணக்குல நீ மக்குன்னு வாத்தியார் சும்மாவா சொன்னார்? கண்ணைத் துடை. அந்த எதிர்நாற்காலிக்காரர் நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு நினைச்சுக்கப் போறார்.

— போக்கா!

— என் கதையை விடு. உன் டாக்டர்கிட்ட மறுபடி போகணுமே, எப்போ?

— நாளான்னிக்கு. பயமா இருக்கு. என் ரத்தத்துல அந்த மாத்திரையோட அளவு பாதாளத்துக்குப் போயிருக்காம். ஒழுங்கா முழுங்குறீங்களா, மறந்துடுறீங்களான்னு ஆஸ்பத்திரியே கேக்குற மாதிரி திட்டினார்.

— திட்டாம கொஞ்சுவாரா? நீ எலியைப் பார்க்கிற ஜோர்ல மாத்திரையை மறந்துடுற.

— மறக்கலக்கா! அதாவது, மறக்கலன்னுதான் நினைக்கிறேன். எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. நீ கொடுத்த கிட்னியை என் உடம்பு வேத்தாள்னு நினைச்சு விரட்டாம இருக்கிறதே அந்த மாத்திரையாலதான். அதைப் போய் மறப்பேனா?

— அந்தப் பாழாப்போன மாத்திரையும்தான் கிட்னியை அரிக்குதுன்னு ஒரு நாள் என் மடியில படுத்து அழுதியே.

— அரிக்கத்தான் செய்யும், மெதுவா. ஆனா அது இல்லேன்னா ஒரேயடியாப் போயிடும். அதனால ஆயுசுக்கும் முழுங்கித்தான் ஆகணும்.

— ஆயுசுக்கும்! எனக்காவது நாலஞ்சு மாசத்துல முடிஞ்சுடும். அதோ, உங்க மாமா வர்றார் பாரு. நடையைப் பார்த்தா ஏதோ சேதி இருக்கு.

— வழி விடு, எலி டாக்டரம்மா, உன் காலை மிதிச்சுடப் போறேன். அப்பப்பா, லிப்ட் மக்கர். மாடி ஏறி ஏறி இன்ஜின் சூடாயிடுச்சு.

— மாமா, ஸ்கேன் ரிசல்ட் வந்துச்சா?

— மூச்சு வாங்க விடும்மா.

— ஏங்க, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது.

— அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு. கட்டி பாதிக்குப் பாதி சுருங்கிடுச்சாம்! கிட்னிக்கு ஒரு கீறல்கூட இல்லையாம், புது வண்டி மாதிரி ஓடுதாம். பெரிய டாக்டரை நடையிலேயே மடக்கிப் பிடிச்சுக் கேட்டுட்டேன். அவர் சிரிச்சார்ம்மா. அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

— அக்கா! அக்கா!

— மெதுவாடி, ஊசி, ஊசி! கட்டிப்பிடிக்கிறதா இருந்தா அந்தப் பக்கமா வா.

— எல்லாம் இதோட மகிமை. இந்தா, இன்னிக்கு உள்ளதைக் குடி. அவசரத்துல வீட்டுலயே வச்சுட்டு வந்துட்ட. பட்டறையை மூடிட்டுப் போய் எடுத்துட்டு வந்தேன்.

— ஐயோ, அதை ஏங்க இங்க தூக்கிட்டு வந்தீங்க?

— என்ன மாமா அது பிளாஸ்க்ல?

— ஒண்ணுமில்லம்மா. வெந்நீர்.

— மூடியில ஊத்தின வெந்நீர் பச்சையா இருக்குமா? கொடுங்க இங்க. இந்த வாசம் எனக்குத் தெரியும். மாமா, இது என் இலை!

— சரி, மறைக்கல. உன் இலைதான். பட்டறைக்குப் பின்னால ரயில் வேலியோரம் நடந்து போறப்ப நீதானே காட்டின, இதுதான் மாமா என் செடின்னு? விடியறதுக்குள்ள போய்ப் பறிச்சு, கொதிக்க வச்சு, பிளாஸ்க்ல ஊத்தி வச்சுட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஒரு மாசமா.

— ஒரு மாசமா! மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு? அத்தனை தடவை சொன்னேனே! மருந்தையே அது கெடுத்திருந்தா? கட்டி சுருங்காம வளர்ந்திருந்தா? யார்கிட்ட போய் நிப்பீங்க?

— வளரலையே! சுருங்கிடுச்சே!

— இன்னும் நல்லா சுருங்கியிருக்க வேண்டியதோ என்னமோ! அது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?

— எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. படிச்சவ நீ. ஒத்தை பிரேக்கோட ஒரு வண்டி வந்தா நான் அதை ரோட்டுக்கு விடமாட்டேன், அதுதான் எனக்குத் தெரியும். இவ ஒத்தைக் கிட்னியோட ஒவ்வொரு தடவையும் இந்த நாற்காலியில வந்து உக்கார்றா. நான் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கவா? எலியைக் காப்பாத்தின இலை என் பொண்டாட்டியைக் காப்பாத்தாதான்னு ஒரு நப்பாசை. தப்புன்னா அடி. வாங்கிக்கிறேன்.

— அடிக்கவா முடியும் உங்களை? அழுகைதான் வருது. அக்கா, நீயாவது சொல்லக் கூடாதா? வாயைத் திற.

— திறக்கத்தான் போறேன். ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. நான் அதுல ஒரு சொட்டுகூடக் குடிக்கல.

— என்னது?

— ஒரு சொட்டுகூட. இவ ஆகாதுன்னு சொன்னதை நான் எப்படிங்க குடிப்பேன்? என் உசுரை இவ வார்த்தையிலதானே வச்சிருக்கேன்.

— மத்தியானம் வந்து பார்த்தா பிளாஸ்க் காலியா இருக்குமே! உதட்டைத் துடைச்சுக்கிட்டு, அப்பா என்ன கசப்புன்னு வேற சொல்லுவியே!

— கசப்புன்னு சொன்னேன். குடிச்சேன்னு சொன்னேனா? ராத்திரியெல்லாம் நீங்க முழிச்சுக் கிடந்து, கொதிக்க வச்ச பிறகுதான் முகத்துல கொஞ்சம் தெளிவு வருது. அதை ஏன் கெடுக்கணும்?

— அப்போ, அக்கா, அந்த ரிசல்ட் அத்தனையும் நிஜம்! மருந்து பண்ண வேண்டியதைப் பண்ணியிருக்கு. கிட்னியைத் தண்ணி காப்பாத்தியிருக்கு, வெறும் பச்சைத் தண்ணி! இனிமே பாட்டிலைக் காட்டினா மூஞ்சியைத் திருப்புவ?

— மாட்டேன்டி. சிரி, இப்படியே சிரி. எவ்வளவு நாளாச்சு நீ பல்லைக் காட்டி.

— நீங்க ரெண்டு பேரும் சிரிங்க. என் கையைப் பாரு, பூரா முள்ளுக் கீறல். ஒரு மாசமா நான் பறிச்சது எல்லாம் சாக்கடைக்குத்தானா?

— சேச்சே! அவ்வளவு பாடுபட்டு நீங்க கொண்டு வந்ததைச் சாக்கடையில கொட்டுவேனா? எனக்குக் கை வருமா?

— பின்ன எங்கதான் போச்சு?

— இன்னிக்கே சொல்லிடுறேன், நல்ல நாளாப் போச்சு. அடியே, கட்டி இருக்கிறவளுக்குத்தான் ஆகாதுன்னு நீதானே சொன்ன? கட்டி இல்லாதவ ஒருத்தி நம்ம வீட்டு மாடியிலேயே இருக்காளே. அவளும் கிட்னியை அரிக்கிற மாத்திரையைத்தான் ஆயுசுக்கும் முழுங்கணும். எலிக்கு நல்லதுன்னா என் தங்கச்சிக்கு நல்லதில்லையா? அதான், இவர் கிளம்பினதும் அந்தத் தண்ணியிலேயே உனக்குக் காபி.

— காபியிலா?

— கசந்திருக்கும், மன்னிச்சுக்கடி. திக்கா போட்டா தெரியாதுன்னு நினைச்சேன். நீயா இருந்தா ஒத்துக்க மாட்ட, பரிசோதனை, அது இதுன்னு பேசுவ. உன்கிட்ட இருக்கிறதும் என்னோடதுதானே, அதை நான் பார்த்துக்கக் கூடாதா? ஏன்டி இப்படி வெளுத்துப்போற? ஏங்க, இவளைப் பிடிங்க, உக்காரச் சொல்லுங்க.

— எனக்கு ஒண்ணுமில்ல. மாமா, கீழ போய் என் டாக்டர் இருக்காரான்னு பாருங்க. இப்பவே ரத்தம் எடுத்து மாத்திரையோட அளவைப் பார்க்கணும், எனக்கு. அந்தப் பிளாஸ்க்கையும் கொண்டு போங்க, அவர்கிட்ட காட்டணும்.

— ஏம்மா, என்ன ஆச்சு? இப்பத்தானே சிரிச்ச?

— நீங்க போங்க மாமா, ஓடுங்க. அக்கா, இங்க பாரு. கையை ஆட்டாத, ஊசி நழுவிடும். என்னைப் பிடிச்சுக்க. உன் மேல கோபம் இல்ல, சத்தியமா இல்ல.

— கோபமா? எதுக்குடி கோபம்? நான் என்ன பண்ணிட்டேன்?

— நான் ஒரு நாள்கூட மாத்திரையை மறக்கல, அக்கா.