ஒரே சுருதியில் இரண்டு

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

படுக்கிறோம். வன்னி. போரின் கடைசி மாசி மாதம். பின்னேரம். மண் சுடுகிறது. தலைக்கு மேல் எறிகணை கூவுகிறது. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நான் இசை ஆசிரியன். பாட்டுகளுக்கு மெட்டமைப்பவன். கூவலின் சுருதி இறங்கினால் எறிகணை தாண்டிப் போகிறது. இறங்காமல் நின்றால் அது எங்களுக்கு. என் காது பிரித்துச் சொல்லும். சொன்னபடி சனம் படுத்தது, எழுந்தது. எனக்கு அதில் பெருமை வேறு. சாவுக்கு நடுவிலும் பெருமை!

ஒரு கூவல் இறங்கியது.

"சேர், எழும்பலாமோ?" என் மாணவி சிந்துவின் தாய் கேட்டார்.

"தாண்டீட்டுது. எழும்புங்கோ! பங்கருக்கு ஓடுங்கோ!"

முதலில் மூவர் பதுங்கு குழியை நோக்கி எழுந்தார்கள். என் மனைவி வசந்தி. சிந்து. அவள் தாய். நான் எழவில்லை. வயலின் பெட்டியின் வார் முள்ளில் சிக்கியிருந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்தேன்.

வந்தது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது இறங்கிய சுருதியிலேயே இரண்டாவது நின்று ஒலித்தது. எனக்கு ஒன்றாகவே கேட்டது. இரண்டு குரல் ஒரே குரலாய்க் கேட்கவேண்டும் என்று பிள்ளைகளை வருஷக்கணக்காய்ப் பழக்கியவன் நான். காதும் அப்படியே பழகிவிட்டது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல. வயலினில்கூடக் கீறல் இல்லை.

அகதியாய் வந்து இப்போது சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருக்கிறேன். தொழிற்சாலைக்குப் பின்தெருவில் மாடி அறை. கீபோர்டு வகுப்பு. மதிலுக்கு அப்பால் இயந்திரம் தொம்மென்று இறங்கும்போதெல்லாம் முதுகு தானாகக் குனிகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கோயில் விழாவுக்கு ஒரு பாட்டு அமைத்துக் கொடுத்தேன். அதில் எந்த இரண்டு குரலும் சேர்ந்து ஒலிக்காது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், கம்பெனி சீருடையோடு, கேட்டார்.

"எல்லாரும் ஒண்ணா பாடுனா இன்னா சார்? மாத்தி மாத்தி பாடிகினு கீதுங்க."

"அதுதான் அழகு" என்றேன். பொய்.

"சார் சொன்னா கரீட்டாதான் இருக்கும். உங்க காது தப்பாதே."

கூனிக் குறுகிப் போனேன். எறிகணை விழுந்து செத்தார்கள் என்று மட்டுமே இங்கே சொல்லிவைத்திருக்கிறேன். என் சொல்லை நம்பி எழுந்து செத்தார்கள். அதை இப்போதுதான் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

இழந்தது மூவரை. மனைவி வசந்தி. மாணவி சிந்து, பதினொரு வயது. சிந்துவின் தாய். நாலு வருஷம் மகளைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை வெளியே நின்றவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.