அந்தச் சொல்லுக்கு ஒரு கையசைவு

அவைக்கு அணியாய் அமர்ந்து, அளந்து பேசும்படி என்னை அன்போடு எச்சரித்திருக்கும் தலைவர் அவர்களே! நரையும் நல்லறிவும் நிறைந்த பெரியோர்களே! வேலைக் களைப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தம்பிகளே, தங்கைகளே! உங்கள் இல்லங்களிலும் உள்ளங்களிலும் இறைவனின் சாந்தி இறங்கட்டும்.

'ஜிஹாத்' என்ற சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததும் மண்டபத்தில் நாற்காலிகள் நகர்ந்தனவே, ஏன் நகர்ந்தன? அச்சத்திலா, ஆவலிலா? ஆவல் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அதே ஆவல்தான்.

நான் பேசுவதையெல்லாம் என் பக்கத்தில் நின்று கைகளால் பேசிக்கொண்டிருக்கிறாளே, இவள் என் தங்கை. பின்வரிசையில் ஓர் ஐயா சிரிக்கிறார். ஆமாம் ஐயா, என் பேச்சைவிட இவள் பேச்சுத்தான் அழகு. இவள் கணவர், என் மச்சான், பிறவியிலேயே காது கேளாதவர். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்தித் தேய்த்தெடுக்க வேண்டும். ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை எதிரே நிற்பவர் பிடிக்க, கண்ணோடு கண் பார்த்து இருவரும் ஒன்றாகச் செலுத்த வேண்டும். காது தேவையில்லாத வேலை. நம்பிக்கை இல்லாமல் நடக்காத வேலை!

எதிரே நின்றவரை எல்லோரும் 'மீசை' என்பார்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் தொலைக்காட்சிச் செய்தியில் இந்தச் சொல் ஓடியிருக்கிறது. அன்று முதல் மச்சானைக் கண்டாலே மீசை விரலை நீட்டித் துப்பாக்கி போலக் காட்டுவார். ஏதோ விளையாட்டு என்று மச்சானும் சிரித்தார். மீசை அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி நீட்டியபோதுதான் மச்சானின் சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்டார். கைகளால் கேட்டதை நான் வாயால் சொல்கிறேன்: "ஜிஹாத்னா துப்பாக்கியா?"

"இல்லைங்க."

"பின்னே அதை எப்படிக் காட்டுறது?"

எந்தச் சொல்லுக்கும் தயங்காத அவள் கைகள் அங்கே நின்றுவிட்டன. அந்தச் சொல்லுக்கு அவளும் பிறர் கைகளில் அதுவரை பார்த்திருந்தது துப்பாக்கி அசைவைத்தான்.

என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் இமாமிடம் போனாள். அவர் பொறுமையாக விளக்கினார். அந்தச் சொல்லின் வேருக்கு வருந்தி முயலுதல் என்று பொருளாம். தன் மனத்தின் தீமையோடு மல்லுக்கு நிற்பதும் அதில் உண்டு. அநியாயத்தின் முகத்துக்கு நேரே நியாயத்தைச் சொல்வதும் உண்டு. போரும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்கு வரம்பு உண்டு, போரிடாதவர் மீது கை வைக்கவே கூடாது என்றார். வரம்பை மீறியவர்கள் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருந்தினார்.

தங்கை முழுவதையும் கேட்டாள். "ஹஜ்ரத், நீங்க சொன்னது அரை மணி நேரப் பேச்சு. எனக்கு வேண்டியது ஒரு கையசைவு."

இமாம் தம் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரும் வாரம் காது கேளாதவர்களுக்கான வகுப்பில் இதையே பேசுகிறேன், அதற்குள் கண்டுபிடித்துவிடு என்று பொறுப்பை அவள் தலையில் கட்டினார்.

வீட்டில் ஒரே ஒத்திகை! அவள் எதையோ தள்ளுவதுபோல் காட்டினாள். வண்டி தள்ளுகிறாயா என்றார் மச்சான். ஏறுவதுபோல் காட்டினாள். ஏணியா என்றார். இரண்டு கைகளையும் மோதவிட்டாள். இது மீசைக்குப் பிடிக்கும் என்றார்.

இதற்கிடையில் சலவைக்கூடத்தில் புதிதாக ஓர் அம்மா சேர்ந்தார். மீசையின் இடத்தில், மச்சானுக்கு எதிரே நின்று விரிப்பைப் பிடிக்கச் சொன்னார்கள். மீசை அந்த அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்து, விரலை நீட்டிக் காட்டினார். அந்த அம்மா விரிப்பைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். முணுமுணுப்பு கேட்காது, பின்வாங்கும் கால்கள் தெரியாதா? மச்சானின் வலக்கை மீசையின் முகத்துக்கு நேரே ஓங்கியது. அடித்தால் வேலை போகும். அடிக்காவிட்டால் மானம் போகும். என்ன செய்தார்? ஓங்கிய கையின் மணிக்கட்டை அவருடைய இடக்கையே பாய்ந்து பிடித்தது. பிடித்தது, இறக்கியது.

மாலையில் வீட்டுக்கு வந்து, நடந்ததை அப்படியே தங்கைக்குச் செய்துகாட்டினார். தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுதாங்க நான் தேடினது."

மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. "இது பாதிதான். நாளைக்கு நீயும் வா."

மறுநாள் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் இருந்தார், மீசை இருந்தார், அந்த அம்மாவும் இருந்தார். மச்சானின் கைகள் பேசின. தங்கையின் குரல் அதைச் சொல்லியது:

"நேத்து உங்களை அடிக்க வந்தது என் கை. தடுத்ததும் என் கைதான். உங்க மேல எனக்கு வெறுப்பு இல்லை. ஆனா இனிமே அந்த விரலை என்கிட்ட நீட்டாதீங்க. இந்த அம்மா என்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது."

மீசை மனம் உருகித் தழுவிக்கொண்டார் என்றால் நீங்கள் மகிழ்வீர்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு இயந்திரத்துக்குப் போய்விட்டார். ஆனால் அதன்பின் விரல் நீளவில்லை. அந்த அம்மாதான் குனிந்து விரிப்பின் முனையை எடுத்தார்.

வகுப்பு நாள் வந்தது. இமாம் அந்தச் சொல்லைச் சொன்னார். தங்கையின் ஒரு கை ஓங்கியது. மறு கை அதைப் பிடித்து இறக்கியது. இறங்கிய கை விரிந்து, உள்ளங்கை தெரிய, எதிரே இருப்பவரை நோக்கி நேராக நீண்டது. அடங்கியதும் அந்தக் கை, நியாயம் கேட்டதும் அந்தக் கை!

முன்வரிசையில் ஒரு தாய் எழுந்து, பிடிக்கிற கை யாருடையது என்று கைகளால் கேட்டார். ஓங்கினவருடையதுதான் என்றாள் தங்கை. அந்தத் தாய் தன் கையைத் தானே ஓங்கி, தானே பிடித்துப் பார்த்தார்.

"இது ரொம்பக் கஷ்டமாச்சே."

"ஆமாம்மா. அதனாலதான் அதுக்கு அந்தப் பேரு."

அன்பர்களே! ஒரு கையசைவில் அந்தச் சொல் முழுதும் அடங்கிவிட்டதா? இல்லை. தங்கை இன்னும் தேடுகிறாள், நானும் தேடுகிறேன், நீங்களும் தேடுங்கள். ஓரத்து வரிசையில் இருக்கும் என் மச்சானுக்கு உங்கள் கைதட்டல் கேட்காது. கைகளை உயர்த்தி அசைத்துக்காட்டுங்கள், அவர் பார்க்கட்டும். செவி தந்தவர்களுக்கும் கண் தந்தவர்களுக்கும் என் நன்றி. அமைதியோடு வீடு போய்ச் சேருங்கள். அந்த அமைதி உங்கள் வீட்டிலும் தங்கட்டும்.