லாங்கிலாங்கி எண்ணெயும் சாத்திய ஜன்னலும்

அவைக்குத் தலைமை ஏற்று, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் நாகேஸ்வரன் அவர்களே! வேதம் ஓதி வெளுத்த தலைகளோடு வலப்புறம் வீற்றிருக்கும் பெரியவர்களே! விளக்கேற்றிய கையோடு வீட்டை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சாலைக் கடைகளை இன்று சீக்கிரமே அடைத்துவிட்டு வந்த வணிகப் பெருமக்களே! உள்ளே இடமில்லாமல் வாசலில் மழைச்சாரல் வாங்கிக்கொண்டு நிற்கும் நண்பர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் கோட்டைத் தெரு வாசகசாலையின் ஆண்டு விழாவில், லாங்கிலாங்கி எண்ணெயின் குணத்தையும் குற்றத்தையும் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். நான் ரசாயனம் படித்தவன். கல்லாற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் பூவிலிருந்து எண்ணெய் வடிப்பது என் உத்தியோகம். ஆடி மாதத்தில் மனைவியை விஷஜுரத்துக்குக் கொடுத்தவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். "துக்கத்தில் இருப்பவனை மேடை ஏற்றலாமா?" என்று சிலர் கேட்டார்களாம். தாராளமாக ஏற்றலாம். துக்கம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. கை மரத்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறேன். பேச்சு மட்டும் வருகிறது. ஆகவே பேசுகிறேன்.

எது இந்த லாங்கிலாங்கி? கீழ்க்கடல் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த மரம். பூவைப் பார்த்தால் பூ என்று தோன்றாது. தளர்ந்து தொங்கும் மஞ்சள் விரல்களைப் போல இருக்கும். பகலில் பக்கத்தில் நின்றாலும் பேசாத பூ, பொழுது சாய்ந்தால் தொலைவிலிருந்தும் அழைக்கும் பூ! விடிவதற்குள் பறித்து, செப்புக் கொப்பரையில் இட்டு, ஆவியேற்றி, அந்த ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் மிதக்கும். கூடை கூடையாகக் கொட்டினால் ஒரு சிறு சீசா கிடைக்கும். அத்தனை பூவின் உயிரும் அந்தச் சீசாவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

அதன் நன்மை என்ன? படபடக்கும் நெஞ்சை அமைதிப்படுத்தும். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுத் தூர வைத்து முகர்ந்தால் கலங்கிய மனம் கொஞ்சம் அடங்கும். தூக்கம் வராதவர்களுக்குத் துணை நிற்கும். தேங்காயெண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்து தலையில் தேய்த்துக்கொள்வோரும் உண்டு. காய்ச்சல்களுக்கும் நல்லதென்று மேல்நாட்டார் சிலர் எழுதுகிறார்கள். அதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். என் வீட்டுக் காய்ச்சலுக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

அதோ, சாலைக்கடை பிச்சையா அண்ணாச்சி கை தூக்குகிறார். "சார்வாள், அசல் எது, கலப்படம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது? எங்கிட்ட தர்றவன் எல்லாம் அசல்னுதான் சத்தியம் பண்ணுதான்!" நல்ல கேள்வி. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு வையுங்கள். பூவெண்ணெய் மெல்ல மெல்லப் பறந்து போய்விடும். தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் கறை அப்படியே நிற்கும். "அப்ப எங்கடையில எல்லாக் காகிதமும் கறையாத்தான் இருக்கும்!" என்கிறார். சிரியுங்கள், சிரியுங்கள். உண்மை சொல்லும் வணிகரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும்.

இனிக் குற்றம். இதைக் குடிக்கலாமா? கூடாது. தனியாக மேனியில் பூசலாமா? கூடாது. தடித்துச் சிவந்து அரிக்கும். கலந்த எண்ணெயையே முதலில் முன்கையில் தொட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தையின் அருகில் வைக்கலாமா? கூடவே கூடாது. அதிகம் முகர்ந்தால் தலை வலிக்கும், குமட்டும். துடிக்கும் நெஞ்சை அடக்கும் பொருள், தளர்ந்த நெஞ்சை என்ன செய்யும்? அதையும் அடக்கும். இரத்தம் குறைந்தவர்கள், நாடி தளர்ந்தவர்கள் இதனிடமிருந்து விலகியே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. அதைச் சொல்ல என் வீட்டுக்குள் உங்களை அழைத்துப் போக வேண்டும்.

என் மனைவி அனந்தலக்ஷ்மி நான் கொண்டுவரும் ஒவ்வொரு வடிப்பையும் முகர்ந்து பார்த்துத் தரம் சொல்வாள். "இது கல்யாண ஆத்து வாசனை. இது கல்யாணம் முடிஞ்ச மறுநாள் ஆத்து வாசனை" என்பாள். அவளுடைய தேக்குப் பெட்டியில் ஒரு முறை சீசா கவிழ்ந்து, பெட்டியின் மரம் எண்ணெய் முழுவதையும் குடித்துவிட்டது. அவள் போன பிறகு மழை பிடித்தது. ஈரம் ஏற ஏற மரம் குடித்ததைக் கக்கத் தொடங்கியது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, ரசாயனம்தான். ஆனால் பால்காரர் ஐயப்பன் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். "சாமி, அம்மா உள்ளே உண்டோ? மணம் வருதே!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் வெளுத்துவிட்டது. அன்று முதல் படியேறுவதில்லை. கீழே நின்றே பாலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்.

பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமி, இதோ முன்வரிசையில் இருக்கிறார், அன்றே சொன்னார். "அனந்தம் எங்கேயும் போகலைடா. சுமங்கலியாப் போனவளோன்னோ? ஆத்துக்குள்ளேயே நடமாடறா, கேட்டியா." வருகிறவர்கள் எல்லோரும் கூடத்தில் நின்று மூச்சிழுத்துவிட்டு, கண் கலங்கி, "இருக்கா" என்கிறார்கள். சமையல்கட்டைப் பார்த்து, "வந்துட்டுப் போறேன், அனந்தம்" என்று விடைபெற்றுக்கொண்டு போகிறார்கள். எல்லோருக்கும் அவள் இருக்கிறாள். எனக்கு?

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியில் முகம் புதைத்தேன். வெறும் மரம். ஏன்? ஒரே வாசனைக்குள் இருப்பவனின் மூக்கு சற்று நேரத்தில் செவிடாகிவிடுகிறது. வாசனை இருக்கும், அவனுக்கு இல்லை. என் சட்டையிலும் தோலிலும் அது ஊறிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிகிறது, உள்ளே இருப்பவனுக்குத் தெரிவதில்லை. இதுதான் நான் சொன்ன ஆபத்து. அறை நிறைய அது இருக்கும், இல்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவோம்.

ஆகவே தாய்மார்களைக் கேட்கிறேன். இந்த எண்ணெய் உங்களில் யார் வீட்டிலாவது இருக்கிறதா?

என்ன மாமி? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. மாமி சொன்னதை நானே திருப்பிச் சொல்கிறேன். "எங்காத்துல இருக்கேடா! அனந்தத்தோட புடவையை எடுத்துண்டப்போ அந்தச் சீசாவையும் நாந்தானே எடுத்துண்டேன். எம்பொண்ணு சுப்புலக்ஷ்மி பிள்ளை பெத்துக் கிடக்கற அறையில வெந்நீர்ப் பானையில விட்டு வச்சிருக்கேன். அனந்தம் அவளுக்குக் காவல்!"

மாமி, ஜன்னல் திறந்திருக்கிறதா?

"பச்சை உடம்புடா! எவளாவது திறப்பாளோ?"

எவ்வளவு ஊற்றினீர்கள்?

"அதுக்குக் கணக்கு வேறயா? உள்ளே போய் உக்காந்தா கொஞ்ச நாழியிலே அவ போயிடறா. மறுபடி விட்டா மறுபடி வரா. போக விடுவேனா?"

சுப்புலக்ஷ்மி எப்படி இருக்கிறாள், மாமி?

"நன்னாத் தூங்கறா. கூப்பிட்டாக்கூட முழிக்கலை. துணைக்கு வச்ச பொண்ணும் சுவத்திலே சாஞ்சு தூங்கறா. குழந்தைகூட அழலை. அப்படி ஒரு சாந்தம்!"

சிரிப்பு நின்றுவிட்டது. நல்லது. பெற்றவள் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. காவலிருப்பவள் எழுந்திருக்கவில்லை. பிறந்த குழந்தை அழவில்லை. பானைக்கு அடியில் கரி கனன்று, இருக்கும் காற்றையும் தின்றுகொண்டிருக்கும். இதற்குப் பெயர் சாந்தமா?

தூணருகே சுப்புலக்ஷ்மியின் கணவர் சேஷன் எழுந்துவிட்டார். "நான் போய்த் திறக்கட்டுமா?" என்கிறார். "தீட்டறைடா! புண்யாஹவாசனம் ஆகலை, ஆம்பிளை நுழையப்படாது!" என்று வலப்புறத்திலிருந்து குரல் வருகிறது. மாமியோ குறுக்கே கை நீட்டுகிறார். "திறந்தா அனந்தம் போயிடுவாடா! போன பிரசவத்திலே குழந்தை தங்கலை. அப்போ காக்க யாரும் இல்லை. இப்போ இவ இருக்கா. இவளையும் விரட்டச் சொல்றியா?"

அவையோரே! மருமகன் மாமியாரைப் பார்க்கிறார். பெரியவர்கள் தீட்டைப் பார்க்கிறார்கள். மாமி செத்தவளைப் பார்க்கிறார். சுப்புலக்ஷ்மியை யார் பார்ப்பது? மூச்சுக்கு முறை உண்டா? காற்றுக்குத் தீட்டு உண்டா? அரையும் குறையுமாய்த் துடிக்கும் ஒரு நாடி, நாம் வாதாடி முடிக்கும்வரை காத்திருக்குமா?

வாலாம்பாள் மாமி, என்னைப் பாருங்கள். ரசாயனத்தை விடுங்கள். அந்த அறையில் இருப்பது எண்ணெய்தான் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். அனந்தம்தான் இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அவள் யார்? என் மனைவி. இன்னும் அவளை இருக்கச் சொல்லவோ, போகச் சொல்லவோ பாத்தியதை இந்த ஊரில் யாருக்கு உண்டு? உங்களுக்கா? இந்தச் சபைக்கா? எனக்கு! நான் சொல்கிறேன். அவள் போகலாம். ஒரு பெண்ணின் மூச்சை அடைத்துக்கொண்டு அவள் ஒரு கணமும் அங்கே இருக்க வேண்டாம். அனந்தம், போ! மாமி, நீங்கள் போய் அந்த ஜன்னலைத் திறங்கள். கதவையும் திறங்கள். பானையை முற்றத்தில் கொட்டுங்கள். தாயையும் பிள்ளையையும் காற்றுக்குக் கொண்டுவாருங்கள். அம்மாமார்களே, நான்கு பேர் கூடப் போங்கள். வாசலில் நிற்பவர்களே, வழி விடுங்கள்! சேஷா, தாழ்வாரம் வரை நீயும் ஓடு, லேடி டாக்டருக்கு ஆள் அனுப்பு!

தலைவர் அவர்களே, சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் பேச என்னிடம் எதுவும் இல்லை. எதிர்ச்சாரியில்தான் வீடு. காத்திருப்போம்.

கேட்டீர்களா? மரக்கதவு ஜன்னலில் இழுபடுகிறது. மழையில் ஊதிப்போன கதவு. ஒன்று திறந்தது. இன்னொன்று.

உங்கள் முகங்கள் மாறுகின்றன. வாசற்பக்கம் நிற்பவர்கள் முதலில் தலை நிமிர்த்துகிறீர்கள். இப்போது நடுவில் இருப்பவர்கள். இப்போது பெரியவர்கள் மேல்துண்டை மூக்கருகே கொண்டுபோகிறீர்கள். தெருவைக் கடந்து, படியேறி, வரிசை வரிசையாக அது உள்ளே வருகிறது என்பது எனக்கு உங்களைப் பார்த்துத் தெரிகிறது. என்னைக் கடந்தும் போயிருக்கும். இதோ, எனக்குப் பின்னால் இருக்கும் தலைவரும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். பின்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள், யாராவது. நடுவில் நிற்காதீர்கள். அந்த வழியாகப் போகட்டும்.

உஷ்! அது குழந்தையா? ஆமாம், குழந்தைதான். இன்னும் உரக்க அழட்டும். சேஷன் தெருவிலிருந்தே கத்துகிறார். "முழிச்சுண்டுட்டா! தண்ணி கேக்கறா!"

கை தட்டாதீர்கள். டாக்டர் வந்து பார்த்த பிறகு தட்டிக்கொள்ளலாம். வீட்டில் இந்தச் சீசா வைத்திருப்பவர்கள் கெட்டியாக மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு சொட்டு போதும் என்றால் ஒரு சொட்டுதான். செத்தவர்களைப் பிடித்து வைக்க அதை ஊற்றாதீர்கள்.

மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்களே. மேசையைப் பிடித்துக்கொண்டே முடிக்கிறேன். ஆடியிலிருந்து வராத ஏதோ ஒன்று இப்போதுதான் வந்து சேர்கிறது. பேச வந்தவனுக்கு இடம் தந்த சபைக்கும், பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், எழுந்து ஓடிய கால்களுக்கும் என் நன்றி. அவளுக்கு விடை கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் கொடுக்கிறேன். வணக்கம்.