மூன்று மணி நேரம் கூடுதல்

வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன் ஐயா, இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. உங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் எனக்கு முப்பது வருடமும் முக்காலிதான்.

நாங்கள் செய்வது பீங்கான் பந்து. தேய்ந்த இடுப்பு மூட்டில் வைப்பார்கள். பீங்கான் மாவை அழுத்தி உலையில் வைத்தால் உள்ளே கொஞ்சம் உருகித் திரவமாகும். அந்தத் திரவத்தில் படிகங்கள் வளரும். சின்னது கரையும், அதைத் தின்று பெரியது பெருக்கும். எங்கள் குடும்ப வழக்கமும் அதுதான் என்பதால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முதலில் சாதுவாக, உருண்டையாக இருக்கும். நேரம் கூடினால் பக்கங்கள் தட்டையாகி மூலை முளைக்கும். அப்படிப் பெருத்த படிகம் உள்ள பந்து என்றைக்காவது உடையும். எத்தனையாவது மணியில் மூலை முளைக்கிறது என்று நுண்ணோக்கியில் கண்ணைத் தேய்த்துக் கண்டுபிடிக்கப் பதினோரு வருடம் ஆயிற்று.

அதை அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன். மேலாளர் பெயரோடு சுவரில் தொங்கியது. மேலாளர் என் அக்கா புருஷன். கேட்டேன்.

“நம்ம வீட்டுப் பேருதான மாப்ள, யாருதா இருந்தா என்ன?” என்றார்.

நியாயம்தான். மறந்துவிட்டேன். ஆறு வருடம் தினமும் காலையில் மறந்தேன்.

பிறகு மச்சானுக்கே இடுப்பு தேய்ந்தது. நான் சுட்ட பந்துதான் வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் சொன்னார். உலையில் பன்னிரண்டு பந்துகள். எது அவருக்குப் போகும் என்று தெரியாது. அதனால் ஓரவஞ்சனை இல்லாமல் பன்னிரண்டையும் மூன்று மணி நேரம் கூடுதலாக வேகவிட்டேன். கூடவே வெந்த ஒரு மாதிரித் துண்டை நுண்ணோக்கியில் படமெடுத்துத் தரச் சீட்டில் ஒட்ட வேண்டும். படமெடுப்பவன் நான். போன தடவை எடுத்த உருண்டைப் படிகங்களின் படத்தை ஒட்டினேன். லட்சணமான படம்.

மற்ற பதினோரு பேர் யாரென்று தெரியாது. முகம் தெரியாதவர்களோடு எனக்கென்ன பகை?

அறுவை சிகிச்சை முடிந்த எட்டாம் மாதம் மச்சான் மாடிப்படியில் விழுந்து செத்தார். அக்கா என் தோளில் சாய்ந்து, “நீ செஞ்சு குடுத்தும் இப்படி ஆயிடுச்சேடா” என்றாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியமாவது என் பெயரில் இருக்கட்டும்.

உங்கள் மேசைமேல் உள்ள பிரேதப் பரிசோதனை அறிக்கை மட்டும், மச்சானின் இடுப்பிலிருந்து எடுத்தது ஒரு கீறலும் இல்லாத உலோகப் பந்து என்கிறது.