ஒரே ஒயரில் அஞ்சு வீடு

அந்த வேலிப்பக்கம் நிக்கிற அப்பாமாரே, அம்மாமாரே... பசங்கள செலக்‌ஷனுக்குக் கிரவுண்டுக்குள்ள அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். கையில இருக்குற டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒரு விளையாட்டு. நம்ம கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. அறுபதுகள்ல நடக்குற கதை இது. வருஷத்துக்கு ஒரு தரம் பெரிய கிளப்காரங்க ஒரு ஓட்டல்ல கூடி, முறை வச்சு, 'எனக்கு இவன், உனக்கு அவன்'னு பள்ளிக்கூடத்துப் பசங்கள எடுப்பாங்க. அதுக்கு டிராஃப்ட்னு பேரு.

மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. அங்க வெர்னன்னு ஒருத்தன். அவன் போடுற பந்து கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் கேக்கும். ஹாஸ்கல்னு ஒரு கிளப்காரர் வந்து பார்த்துட்டு, கண்டிப்பா சொல்லிட்டுப் போனாரு. "எங்க முறை வரும்போது போன் அடிப்பேன்ப்பா. வர்றேன்னு உன் வாயால சொல்லணும். நீ கிடைக்கலைன்னா அடுத்தவன் பேரைச் சொல்லிடுவேன்."

அவ்வளவுதான். போன் வந்தா பந்து. வரலைன்னா திங்கக்கிழமை அப்பாகூட மரமறுக்குற மில்லு வேலைக்கு.

இப்ப அந்த ஊர் போனைப் பத்திச் சொல்லணும். அஞ்சு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒயரு. நம்ம தெருக்குழாய் மாதிரின்னு வைங்க... ஒருத்தர் திறந்தா அடுத்தவங்களுக்கு வராது. தெரு முழுக்கப் பேசி வச்சிருந்தாங்க, இன்னைக்கு நம்ம வெர்னனுக்காக யாரும் போன் பேசக்கூடாதுன்னு. ஒருத்தரும் பேசல. சத்தியமாப் பேசல.

ஆனா அவங்க அம்மா வில்மாவுக்கு மனசு கேக்கணுமே! போன் உசுரோட இருக்கான்னு மெல்ல எடுத்துக் காதுல வச்சாங்க. ஒரே ஒயருல்ல, அஞ்சு வீட்டு போன்லயும் 'டக்'குன்னு ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரம்மா, ஆகா, வந்துருச்சு போலன்னு அவங்களும் எடுத்தாங்க. அந்த 'டக்' கேட்டு எதுத்த வீடு. அப்புறம் மிச்ச வீடு. எல்லாரும் மூச்சைப் புடிச்சிக்கிட்டுக் கேக்குறாங்க... யாரோ ஒருத்தர் பேசுவாருன்னு.

அங்க ஓட்டல்ல ஹாஸ்கல் அடிக்கிறாரு. எங்கேஜ்டு. மறுபடி அடிக்கிறாரு. எங்கேஜ்டு. முறை நெருங்கிருச்சு. போன் எக்ஸ்சேஞ்சுல இருந்த தெல்மாங்கற அம்மாகிட்ட, யாருங்க இவ்வளவு நேரம் பேசுறதுன்னு கெஞ்சுறாரு. அவங்க அந்த ஒயருக்குள்ள நுழைஞ்சு கேட்டாங்க. ஒரு பேச்சு இல்ல. ஒரு இருமல், ஒரு நாய் குரைக்கிற சத்தம், அஞ்சு வீட்டு மூச்சு.

தெல்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. நிதானமாச் சொன்னாங்க. "எல்லாரும் கீழ வைங்கம்மா. நீங்க எதுக்குக் காத்திருக்கீங்களோ, அது வெளிய நிக்குது."

வச்சாங்க. வச்ச கையோட மணி அடிச்சுது!

வெர்னன் எடுத்தான். "வர்றேன் சார்." அவ்வளவுதான் சொன்னான். அந்தப் பக்கம் பேரை அறிவிச்சாச்சு. ஹாஸ்கல் போனை வைக்கப் போனாரு... பார்த்தா ஒயர்ல விசும்பல் சத்தம். நாலஞ்சு குரலு. யாருப்பா அழுறதுன்னு கேட்டாரு.

வெர்னன் சொன்னான், "எங்க தெரு சார்."

இப்ப சொல்லுங்க... அந்தத் தெருவுல யாரு கெட்டவங்க? யாருமே இல்ல. பாசந்தான் ஒயரை அடைச்சிக்கிட்டு நின்னுச்சு. இங்க மட்டும் என்னவாம்? வேலியில தொத்திக்கிட்டு, 'குனிடா, ஓடுடா, சாரைப் பார்த்துச் சிரிடா'ன்னு நீங்க போடுற சத்தத்துல, செலக்‌ஷனுக்கு வந்திருக்கிற சார் விசில் அடிச்சா உங்க புள்ளைக்குக் கேக்குமா?

காலையிலேருந்து நானும் இந்த வேலியத்தான் புடிச்சிக்கிட்டு நின்னேன். என் மகளும் அந்த வரிசையில நிக்கிறா. வாங்க, எல்லாரும் பந்தலுக்குள்ள வந்து உக்காருவோம். பேரு வந்ததும் சேர்ந்து அழுதுக்கலாம்.