ரெண்டு ஊரு ஸ்டேஷன்

ஐயோ, மெஷின்ல வச்சிடாதீங்கண்ணா, ஒரு நிமிஷம். பேரு இன்னும் முடிவாகல. தலைப்ப வேணா அடிச்சிடுங்க, அதுல மாத்தம் இல்ல. அதுக்குக் கீழ எங்க காலேஜ், உலக வரலாறு ப்ராஜெக்ட்னு போட்டுக்கோங்க. பேரு வர்ற இடத்த மட்டும் சும்மா விட்டுடுங்க.

தெரியும்ணா, தங்க எழுத்து ஒரு தடவ ரெக்சின்ல பதிஞ்சுட்டா அழிக்க முடியாது. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன். பின்னாடி இருக்குறவங்களத முடிச்சுக் குடுங்க, நான் ஓரமா நிக்கிறேன். ஓ, யாருமே இல்லையா? ஆமா, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்ல, எல்லாரும் நேத்தே பைண்ட் பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான்தான் மிச்சம்.

அது ஒண்ணும் இல்லண்ணா. இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டுக் காலேஜ் ஒண்ணோட எங்களுக்குக் கூட்டு. இங்க ஒருத்தர், அங்க ஒருத்தர்னு ஜோடி போட்டு விட்டுட்டாங்க. உலகம் எப்படி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குதுனு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதணும். எங்கம்மா கேட்டுட்டு அப்படிச் சிரிச்சாங்க. பக்கத்து வீட்டுக்கு யாரு குடிவந்திருக்காங்கனு உனக்குத் தெரியாது, நீ உலகத்தப் பத்தி எழுதப் போறியாக்கும்னு.

எனக்கு வந்தவ சரியான தூங்குமூஞ்சி. நமக்கு மதியம்னா அவளுக்கு அப்பதான் விடியும். போன்ல முதல்ல கொட்டாவி வரும், அப்புறம்தான் மூஞ்சி வரும். தூங்குமூஞ்சினே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். என்ன அர்த்தம்னு கேட்டா, சொன்னேன். சும்மா விட்டாளா? அவ பாஷைல எனக்கு ஒரு பேரு வச்சா. வாய மூடாத பொண்ணுனு அர்த்தமாம். நீங்க என்ன சிரிக்கிறீங்க? ரெண்டு பேருக்கும் இருந்தது அரைகுறை இங்கிலீஷ். அத வச்சுக்கிட்டு எவ்வளவு பேசினோம் தெரியுமா!

இந்தப் பக்கத்தப் புரட்டுங்க. இது நம்ம ஸ்டேஷன்ல இருக்குற தூணு, அது அவங்க ஊரு ஸ்டேஷன் தூணு. அடியில பாருங்க, ரெண்டுலயும் ஒரே முத்திரை. ஒரே பட்டறைல வார்த்த இரும்புண்ணா. அந்தக் காலத்துல ஒரே கப்பல்லகூட ஏத்திருக்கலாம், பாதி இங்க இறங்கி, பாதி அங்க போயிருக்கும். அதுவரைக்கும் நாங்க மார்க்குக்காகத்தான் எழுதிக்கிட்டிருந்தோம். இதக் கண்டுபிடிச்ச அன்னைக்கு அவ போனைப் பிளாட்பாரத்துல வச்சுட்டு குதிகுதினு குதிச்சா. எனக்கு அவ செருப்பு மட்டும்தான் தெரிஞ்சுது. நான் இங்க கேன்டீன்ல உக்காந்து கத்துறேன், எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

அப்புறம் அங்க சண்டை வந்துடுச்சு.

ஆமாண்ணா, அந்த ஊருதான். டிவில காட்டுறாங்களே, அதேதான்.

எங்கப்பா வேன் ஓட்டுறாரு. அவருக்கு அந்தச் சண்டைன்னா டீசல் விலை, அவ்வளவுதான். சாப்பிட உக்காந்தாருன்னா அந்த ஊருக்காரங்களையே திட்டுவாரு. அங்க எனக்கு ஒருத்தி இருக்காப்பானு சொல்ல வாய் வராது எனக்கு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. நீங்களே வந்ததும் சொன்னீங்கல்ல, சரக்கு வரத்தே இல்ல, அட்டை விலையெல்லாம் ஏறிப்போச்சுனு. அதான்ணா எங்க பாடம். எங்கயோ ஒரு துறைமுகத்த மூடினா, சம்பந்தமே இல்லாத ஊர்ல ஒரு கடைல எப்படி விலை ஏறும்னு ஒரு அத்தியாயமே இருக்கு. எழுதினது அவதான். எனக்கு எல்லாம் நல்லாப் புரியுது. புரிஞ்சு என்ன பண்ண? எல்லாம் எல்லாத்தோடயும் பின்னிக்கிடக்குதாம், அவ வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி அனுப்ப ஒரு வழி இல்ல.

எங்க ஹெச்.ஓ.டி மேடம் ஒத்தப் பேர்லயே குடுத்துடச் சொல்றாங்க. ரெண்டு பேருன்னா அவ கையெழுத்து வேணும், அவங்க காலேஜ் ஒப்புதல் வேணும். அந்தக் காலேஜு கட்டடமே நிக்குதானு தெரியல, யாருகிட்டப் போய் வாங்குறது? அவ எழுதினதும் உன் பேர்லயே இருக்கட்டும், யாரு வந்து கேக்கப் போறானு சொன்னாங்க. கெட்டவங்க இல்லண்ணா. சொல்லிட்டு கண்ணாடியக் கழட்டி ரொம்ப நேரம் தொடச்சாங்க. நம்ம கைல என்னம்மா இருக்குனாங்க. மீறி ரெண்டு பேரு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க, அடுத்த வருஷம் மறுபடி எழுதணும். இன்னொரு வருஷம் படிக்க வைக்க எங்கப்பாவால ஆகாது. அதுவும் தெரியும்.

அதுக்காக, உயிரோட இருக்குறவ பேர எப்படிண்ணா எடுக்குறது?

ம்... நீங்க கேக்குறது சரிதான். இருக்காளானு எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியல. ஆனா நான் இங்க பேர எடுத்துட்டேன்னா, நானே முடிவு கட்டின மாதிரி ஆயிடும்ல? எனக்கு பயமா இருக்குண்ணா. காலைலேர்ந்து இந்தத் தெருவுலயே மேலயும் கீழயும் நடந்துட்டு இப்பதான் உங்க கடைக்குள்ள வந்தேன்.

போடுங்க. ரெண்டு பேரையும் போடுங்க. அவளோடது மேல இருக்கட்டும். பாத்து அடிங்க, நம்ம வாயில நுழையாது அந்தப் பேரு. இதோ இந்தத் தாள்ல எழுதிருக்கேன். திருப்பி அனுப்பினா அப்ப அழுதுக்குறேன். அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னும் அப்பதான் யோசிக்கணும்.

மெஷின் சூடாகணுமா? ஆகட்டும், நான் இருக்கேன்.

அவ கடைசியாப் பேசினதா? பேசலண்ணா, எழுதினா. போன வாரம். மறுநாள் காலைல அவங்க ஸ்டேஷன்லேர்ந்து கடைசி ரயில் கெளம்புதாம். அப்பா ஏறிடலாங்கறாராம், அம்மா வீட்ட விட்டு அசைய மாட்டேங்கறாங்களாம், ரெண்டு பேரும் சேர்ந்து அவளையே முடிவெடுக்கச் சொல்லிட்டாங்களாம். நாம இவ்வளவு சண்டையப் பத்திப் படிச்சோமே, எப்பவும் பொழச்சது யாருடி, கெளம்பிப் போனவங்களா, வீட்டுலயே இருந்தவங்களா, சீக்கிரம் சொல்லுனு கேட்டிருந்தா.

நான் லைப்ரரிக்கு ஓடினேண்ணா. இருக்குற புஸ்தகத்தயெல்லாம் இழுத்துப் போட்டுப் பாத்தேன். ஒரு சண்டைல போனவங்கதான் பொழச்சிருக்காங்க. இன்னொண்ணுல ரயில் ஏறினவங்க யாரும் திரும்பவே இல்ல. வீட்டுலயே இருந்தவங்க கதையும் அதேதான், ஒரு ஊர்ல தப்பிச்சிருக்காங்க, இன்னொரு ஊர்ல தெருவே இல்ல. பூட்டப் போறோம், எந்திரினு சொல்ற வரைக்கும் தேடினேன். அப்புறம் வெளிய வந்து படியில உக்காந்து, தெரியலடி, ரெண்டு மாதிரியும் நடந்திருக்குனு எழுதி அனுப்பினேன். அதுகூட இன்னும் அவளுக்குப் போகலண்ணா.